மேனேஜர் வந்தால் ஓடும் மெஷின்

அத்தியாயம் 6

திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, இதையே பார்த்துக்கிட்டிருந்தா எனக்குத் தலை சுத்துது."

"பார்க்காதே. யோசி."

"யோசிச்சாலும் அதே மாதிரிதான் சுத்துது."

அண்ணி என்னை முறைத்தார். என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் முறைத்து நான் பயப்படாத நாள் கிடையாது. கம்பெனிகளின் டேட்டாபேஸில் நடக்கும் மர்மங்களைத் துப்பறிவது அவர் தொழில். அவருக்கு லேப்டாப் தூக்குவதும், சார்ஜர் தேடுவதும், எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கவலைப்பட்டு வைப்பதும் என் தொழில்.

இப்போது நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியின் கால் சென்டரில். ஊரில் எங்கே லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் அவசர பட்டனை அமுக்கினால் அழைப்பு இங்கேதான் வரும். ஆபரேட்டர் விவரத்தைக் கேட்டு, டைப் அடித்து, 'சேமி' பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் பக்கத்திலிருக்கும் மெக்கானிக்கின் போனுக்கு முகவரியும், மேல்மாடி மெஷின் ரூம் கதவின் ரகசிய எண்ணும் போகும். அழுத்தியும் அது சேமிக்கப்படாவிட்டால் எதுவும் போகாது. மாட்டியவர் மாட்டியபடியே இருப்பார்.

சில வாரங்களாக 'சேமி' அடிக்கடி உறைந்துபோகிறது. போன வாரம் ஒருவர் லிஃப்டுக்குள்ளேயே மயங்கி விழும்வரை உறைந்திருந்தது.

பழி விழுந்தது ஓர் ஆபரேட்டர் பெண்மீது. அவள் வேலைக்கு வந்து உட்கார்ந்தால் சிஸ்டம் நிற்கும். அவள் விடுப்பு எடுத்தால் ஓடும். சக ஆபரேட்டர்கள் அவளுக்கு 'கிரகணம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேனேஜருக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார். முதலாளியம்மா மட்டும், "எதுக்கும் ஒரு தடவை விசாரிச்சிருங்க" என்று எங்களை அனுப்பியிருந்தார்.

மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். "சாயங்காலம் வரைக்கும்தான் மேடம். அதுக்குள்ள நீங்க வேற யாரையாவது காட்டலேன்னா, நான் சிஸ்டத்துல அவ பேருக்கு நேரா 'நீக்கு' போட்டுருவேன்."

அவள் வேலை விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவள்; அந்த 'நீக்கு' சாதாரண சமாச்சாரமல்ல. அது சேமிக்கப்பட்ட நொடியில் குடியேற்றத் துறைக்குத் தானாகவே தகவல் போய்விடும். போனதைத் திரும்ப வாங்க முடியாது. நானும் விசாவில் இருப்பவன்தான்.

"மறுபடி சொல்லு. என்ன கண்டுபிடிச்சே?" என்றார் அண்ணி.

"ஒண்ணும் கண்டுபிடிக்கலேங்கிறதைத்தான் கண்டுபிடிச்சேன். சேமிக்கிற வேலை எல்லாம் வரிசையா நிக்குது. 'பூட்டு திறக்கக் காத்திருக்கிறேன்'னு எல்லாம் ஒரே பல்லவி. டேபிளையே மொத்தமா யாரோ பூட்டி வச்சிருக்காங்க. யாருன்னு மட்டும் தெரியல. பூட்டினவன் பூட்டிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி தூங்குறவங்களோட படுத்துக்கிட்டான். டேட்டாபேஸுக்குள்ள நுழைஞ்சுட்டு சும்மா தூங்குற இணைப்புகள் ஏகப்பட்டது இருக்கு. எல்லாமே ஒரே பேர்ல உள்ள வந்தவை. எதைன்னு எழுப்புறது?"

"இன்ஜின்?"

இதைத்தான் அவர் கேட்பார் என்று தெரியும். இதில்தான் எங்கள் முதல் சந்தேகம் மண்ணைக் கவ்வியது.

டேட்டாபேஸில் தகவலெல்லாம் டேபிள் டேபிளாக இருக்கும். அந்த டேபிளை எப்படி எழுதுவது, எப்படிக் காப்பது என்று பார்த்துக்கொள்வது ஸ்டோரேஜ் இன்ஜின். பழைய ரக இன்ஜின் ஒன்று உண்டு. ஒருவர் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் மொத்த டேபிளையும் பூட்டிவிடும். ஒருத்தர் பல் விளக்க வீட்டையே பூட்டிக்கொள்வது மாதிரி. புது ரகம் அப்படியில்லை. திருத்துகிற அந்த ஒரு வரியை மட்டும் பூட்டும். மற்றவர்கள் மற்ற வரிகளில் அவரவர் பாட்டைப் பார்க்கலாம்.

"புதுசு அண்ணி. எல்லா டேபிளும் புது இன்ஜின். ஒண்ணு விடாம பார்த்துட்டேன்."

"ஒண்ணு கூட பழசு இல்ல?"

"இந்த ஆபீஸ்ல பழசுன்னா அந்த காபி மெஷின் மட்டும்தான்."

அண்ணி மேசையில் விரலால் தட்டினார். "புது இன்ஜின் தானா முழு டேபிளைப் பூட்டாது. ஆனா டேபிள் பூட்டிக் கிடக்கு. எரிச்சலா வருது."

"எனக்கு அழுகையா வருது."

அப்போது கண்ணாடி அறையின் கதவு திறந்தது. மேனேஜர் வேகமாக வெளியே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆபரேட்டர்களுக்குப் பின்னால் நின்றார்.

வட்டம் மறைந்தது. எல்லாத் திரைகளிலும் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது.

"பார்த்தீங்களா?" மேனேஜர் எங்களைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். "நான் வந்து நின்னாத்தான் இங்க வேலை நடக்கும். எத்தனையோ தடவை பார்த்துட்டேன். உள்ள உக்காந்திருந்தா ஏமாத்துவாங்க. வெளிய வந்தா ஓடும்."

அண்ணி பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்தார். அவர் பேனா மூடியைக் கடித்தால் எங்கேயோ எதுவோ உறுத்துகிறது என்று அர்த்தம்.

*

கிரகணத்தை காபி மெஷின் பக்கத்தில் பிடித்தோம். அது காசை விழுங்கிவிட்டு வெறும் காகிதக் கப்பை மட்டும் துப்பியிருந்தது. அவள் அதை இடது காலால் ஓர் உதை விட்டாள்.

"இதுவும் நான் வந்ததாலதான் நின்னுச்சுன்னு சொல்வாங்க. எழுதிக்குங்க அக்கா."

"நீ உக்காந்ததும் நிக்குதுங்கிறது உண்மையா?" அண்ணி கேட்டார்.

"உண்மைதான். அதான் எனக்கே வெறுப்பா இருக்கு. உக்காந்து கொஞ்ச நேரத்துல நிக்குது. நான் என்ன, சீட்டுக்கு அடியில ஆணியா வச்சிருக்கேன்?"

"நிக்கும்போது எல்லாமே நிக்குமா? பழைய அழைப்புகளைத் திறந்து பார்க்க முடியுதா?"

அவள் யோசித்தாள். "முடியுது. எதை வேணா படிக்கலாம். சேமிக்கத்தான் விடாது. எனக்கு மட்டுமில்ல, யாருக்குமே."

"படிக்க விடுது, எழுத விடல" என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அக்கா, எனக்கு வேலை போறது பத்திக் கூட கவலையில்ல. வேற தேடிக்குவேன். ஆனா விசா இந்த வேலைமேலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. என் வீட்டுக்காரர் என் விசாலதான் வந்திருக்கார். படிப்பு பாதில நிக்குது. நான் கிளம்பினா அவரும் பெட்டியைக் கட்டணும். இன்னும் அவர்கிட்ட சொல்லக்கூட இல்ல. நேத்து பூரா பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தார். என்னன்னு சொல்றது? 'ஏங்க, நான் வந்தா வட்டம் சுத்துது, நாம ஊருக்குப் போயிரலாம்'னா?"

"ஒண்ணும் ஆகாது அக்கா" என்றேன்.

"தம்பி, உன் முகத்தைப் பார்த்தா எல்லாம் ஆயிட்ட மாதிரி இருக்கு."

*

கண்ணாடி அறையில் மேனேஜரின் கணினி அவரை மட்டுமே பார்க்கும்படி திரும்பியிருந்தது. நாங்கள் உள்ளே நுழைவதைக் கண்டதும் திறந்திருந்ததையெல்லாம் சட்சட்டென்று மூடினார்.

"என்ன பார்த்துட்டிருந்தீங்க சார்?"

"நிர்வாக விஷயம். அடுத்தவங்க பார்க்கக்கூடாது. நான் எழுந்து பாத்ரூம் போறதா இருந்தாக்கூட எல்லாத்தையும் மூடிட்டுத்தான் போவேன். அது என் பழக்கம்."

"நல்ல பழக்கம்" என்றார் அண்ணி. "சார், இந்தப் பொண்ணு இல்லாத நேரத்துலயும் நிர்வாக விஷயம் பார்ப்பீங்களா?"

"எதுக்கு? மத்தவங்க ஒழுங்கா வேலை செய்யறவங்க."

அண்ணி புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் காலையிலிருந்து எதிர்பார்த்துக் கிடந்தேன்.

"அந்தப் பொண்ணை வெளிய கூட்டிட்டுப் போய் கொஞ்சம் விசாரிக்கணும் சார்."

"தாராளமா. அப்படியே திரும்பி வராம பார்த்துக்கிட்டா இன்னும் சௌகரியம்."

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "கொழுந்தனாரே, ஒரு கேள்வி. மேனேஜர் பின்னாடி வந்து நின்னா ஆபரேட்டர் பயப்படுவாங்க. சரி. மெஷின் ஏன் பயப்படுது?"

"என்னது?"

"அவங்க 'சேமி' அழுத்தி வட்டம் சுத்திக்கிட்டிருக்கு. அதுக்கப்புறம் அவங்க கையில எதுவுமே இல்ல. பயந்தாலும் ஒண்ணுதான், பயப்படலேன்னாலும் ஒண்ணுதான். ஆனா இவர் வெளிய வந்ததும் பச்சை விழுது. இவரைப் பார்த்து யார் பயந்தது? டேபிளா?"

"வெளிய வர்றதுக்கு முன்னாடி..."

"எதையோ மூடிட்டு வர்றார். வா, அவர் கண்ணைக் கட்டுவோம்."

*

ஆபரேட்டர்கள் அறையின் பின்பக்கம் பெரிய தூண் ஒன்று இருந்தது. அதற்கு அப்பால் ஒரு காலி மேசை. கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் தூண் மட்டும்தான் தெரியும்.

கிரகணத்தைப் பின்படிக்கட்டு வழியாகக் கூட்டி வந்து அங்கே உட்கார வைத்தோம். சொந்தப் பெயரிலேயே உள்ளே நுழைந்தாள். தலையில் ஹெட்போனை மாட்டினாள். நான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தேன்.

அழைப்புகள் வந்தன. 'சேமி.' பச்சை. 'சேமி.' பச்சை. வட்டம் தலைகாட்டவே இல்லை. கண்ணாடி அறையில் மேனேஜர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," கிரகணம் கிசுகிசுத்தாள், "நான் இருக்கேன். ஓடுது."

"நீ இருக்கிறது அவருக்குத் தெரியாது. அதான் ஓடுது. இப்ப மொத்தமா வெளிய வந்துடு. கணினியை அணைச்சிடு. கீழ இறங்கி முன்வாசல் வழியா வா. வந்து உன் சீட்டுல சும்மா உக்காரு. எதையும் தொடாதே."

அவள் அப்படியே செய்தாள். முன்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது மேனேஜரின் சிரிப்பு நின்றது. போனை வைத்தார். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் திரை கறுப்பாகவே இருந்தது.

மேனேஜர் மவுஸை எடுத்தார். கிளிக்.

பக்கத்துச் சீட்டுக்காரர் கத்தினார். "அட, மறுபடியும் சுத்துதுப்பா!"

"சபாஷ்!" அண்ணி என் முதுகில் அறைந்தார். "அவ கணினியே உயிரோட இல்ல. பூட்டு அந்தக் கண்ணாடி ரூம்லேருந்து விழுந்திருக்கு. பாரு, இப்ப புதுசா வந்த இணைப்பு எது?"

கிடைத்தது. இப்போதுதான் உள்ளே வந்து, டேபிள்களைப் பூட்டிவிட்டு, தூங்கப் போயிருந்தது ஒன்று. அழைப்புகள் டேபிளையும், ஊழியர்கள் டேபிளையும் சேர்த்துப் பூட்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யாரும் எழுதக்கூடாது என்கிற பூட்டு.

சந்தோஷத்தில் குதிக்கப் போனேன். அப்போதுதான் காத்திருப்போர் வரிசை கண்ணில் பட்டது.

"அண்ணி."

"என்ன?"

"வரிசையில ரெண்டு பேர் நிக்கிறாங்க. ஒண்ணு, பக்கத்துச் சீட்டுக்காரர் எடுத்த அழைப்பு. யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டிருக்கார். ரெண்டாவது..." என் குரல் கீச்சென்று போனது. "ரெண்டாவது ஊழியர்கள் டேபிள்ல எழுதப் போகுது. நிலை: நீக்கம். அவங்க பேர்தான். மேனேஜர் இப்பவே அமுக்கிட்டார்!"

சாயங்காலம்வரை என்று சொன்ன மனுஷன், அவள் வந்ததும் சிஸ்டம் நின்றதைப் பார்த்துப் பொறுமையிழந்துவிட்டார். ஆனால் அவருடைய உத்தரவு, அவரே போட்ட பூட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

"பூட்டு இருக்கிற வரைக்கும் அவ தப்பிச்சா" என்றார் அண்ணி.

"பூட்டைத் திறந்தா?"

"ரெண்டும் போயிரும்."

"அந்த ரெண்டாவதை நான் வெட்டி விடட்டுமா?"

"நமக்குக் கொடுத்திருக்கிறது பார்க்கிற அனுமதிதான். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. காலையில் அதற்காகத்தான் பாதி நேரம் புலம்பியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். ஆபரேட்டர்களுக்குப் பின்னால் வந்து நிற்கப் போகிறார். அதற்கு முன் பழக்கப்படி எல்லாவற்றையும் மூடப் போகிறார். கை மவுஸை நோக்கிப் போனது.

"சார்! மூடாதீங்க! மூடாதீங்க சார்!"

கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்தேன். என் வாழ்நாளில் ஒரு மேனேஜரைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் திடுக்கிட்டு மவுஸை விட்டார்.

*

"எனக்குப் புரியல" என்றார் மேனேஜர். அண்ணி முன்பே அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். திரையில் யார் எத்தனை அழைப்பை முடித்தார்கள் என்று காட்டும் ரிப்போர்ட் திறந்திருந்தது. "இது வெறும் ரிப்போர்ட். பார்க்கத்தான் செய்யறேன். பார்த்தா எப்படி நிக்கும்? இன்ஜினைக்கூட புதுசா மாத்தியாச்சு!"

"ரிப்போர்ட்டை எழுதினவர் யாரு?"

தாடிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் புரோகிராமர் போனில் ஸ்பீக்கரில் வந்தார். அண்ணி கேட்டதும் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது.

"ஆமா மேடம். அந்த ரிப்போர்ட் திறந்தா டேபிளைப் பூட்டும். மூடினாத்தான் விடும்."

மேனேஜர் சிவந்துபோனார். "யாருய்யா உன்னைப் பூட்டு போடச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

மேனேஜர் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"பழைய இன்ஜின் இருந்தப்போ, நீங்க ரிப்போர்ட் எடுத்தா அது முடியிற வரைக்கும் டேபிள் தானாவே அசையாம நிக்கும். இன்ஜினை மாத்தினதும் நீங்க எண்ணிட்டிருக்கும்போதே புது அழைப்பு சேர்ந்துக்கிட்டே இருந்துச்சு. 'நான் எண்ணும்போது நம்பர் நகரக்கூடாது, சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணு'ன்னு கத்தினீங்க. நானும் கையாலயே ஒரு பூட்டு போட்டுக் கொடுத்தேன்."

"புது இன்ஜின்ல பூட்டாமலே அந்த நொடியில இருந்த நிலைமையைப் படம் பிடிச்ச மாதிரி வச்சுப் படிக்கலாமே!" அண்ணி பொரிந்தார்.

"அதுக்கு ஒரு வாரம் கேட்டேன் மேடம். சார் கொடுக்கல."

"ஆக," அண்ணி மேனேஜர் பக்கம் திரும்பினார், "அவளைக் கண்காணிக்க ரிப்போர்ட்டைத் திறப்பீங்க. எல்லாம் நிக்கும். அவதான் நிறுத்தினான்னு கோபம் வரும். மிரட்டுறதுக்காக மூடிட்டு வெளிய வருவீங்க. எல்லாம் ஓடும். உங்க மிரட்டல்லதான் ஓடிச்சுன்னு சந்தோஷம் வரும்."

மேனேஜர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "போன வாரம் மயங்கி விழுந்தாரே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அந்தக் கணக்கை அப்புறம் பார்ப்போம். உங்க 'நீக்கு' இன்னும் போய்ச் சேரல. அந்தப் பக்கத்துலயே 'ரத்து செய்'னு இருக்கு. முதல்ல அது. அப்புறம் ரிப்போர்ட்டை மூடுங்க. மாத்திச் செஞ்சா நம்ம யாராலயும் திருப்ப முடியாது."

அவர் கை மவுஸுக்கு மேலே நின்றது. "நானே ரத்து பண்ணா... முதலாளியம்மாகிட்ட நான் செஞ்சது தப்புன்னு ஆயிருமே மேடம்."

"இப்ப நீங்க தப்பா நினைச்சவர் மட்டும்தான். அந்த 'நீக்கு' போயிருச்சுன்னா தப்பு செஞ்சவராயிருவீங்க."

அவர் அப்போதும் அசையவில்லை. ஒரு விரல். ஒரு கிளிக். அதற்கு இவ்வளவு யோசனை!

கதவு படாரென்று திறந்தது. கிரகணம். காதில் பக்கத்துச் சீட்டுக்காரரின் ஹெட்போன், ஒயர் பிடுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், உள்ள மாட்டிக்கிட்டவர் ஒரு ஃபிரிட்ஜோட ஏறியிருக்கார். திரும்பக்கூட இடமில்லையாம். மூச்சு வாங்குதுன்னு அழறார். என்னைத் துரத்துறதா இருந்தா துரத்திக்குங்க. முதல்ல அந்த மெக்கானிக்கை அனுப்புங்க!"

மேனேஜர் அவளைப் பார்த்தார். இத்தனை வாரம் ரிப்போர்ட்டில் ஒரு வரியாக மட்டுமே பார்த்தவளை அன்றுதான் ஆளாகப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு திரையைப் பார்த்தார்.

ரத்து செய். கிளிக்.

நான் லேப்டாப்பில் வரிசையைப் பார்த்தேன். இரண்டாவது வரி மறைந்தது. ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

"போயிருச்சு அண்ணி! இப்ப மூடலாம்!"

ரிப்போர்ட் மூடியது. வெளியே பக்கத்துச் சீட்டுக்காரர் கை தூக்கினார். பச்சை.

கிரகணம் அதற்குள் பக்கத்துச் சீட்டுக்கு ஓடியிருந்தாள். ஒயரைச் செருகிக்கொண்டு, "அண்ணே, மெக்கானிக் கிளம்பிட்டார். ஃபிரிட்ஜ் மேல சாஞ்சுக்கங்க, பிளக் போடலேன்னாலும் கொஞ்சம் சில்லுனு இருக்கும்" என்று சொல்வது கேட்டது.

அண்ணி என்னைப் பார்த்தார். "என்னப்பா, கண்ணு கலங்குது?"

"தூசி அண்ணி. இந்த ஆபீஸ்ல ஏசியும் பழசுதான் போல."

நாங்கள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். எங்கே போவது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் ஆபரேட்டர்களுக்குப் பின்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கிரகணம் திரும்பவில்லை. டைப் அடித்தபடியே கேட்டாள்.

"சார், ரிப்போர்ட்டை மூடிட்டுத்தானே வந்தீங்க?"

மேனேஜர் சந்தேகம் வந்தவராகக் கண்ணாடி அறைக்கே திரும்பிப் போனார்.